பார்க்கிங்கின் பாடகரும் கன்ட்ரி இசைக்குழுவும்: பில்லி பிராகின் 'மெர்மெய்ட் அவென்யூ'

பில்லி பிராக் கிழக்கு லண்டனின் பார்க்கிங்கில் 1957 டிசம்பர் 20 அன்று பிறந்தவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுபவர். 1983-ல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில் கேட்பதெல்லாம் ஒரு குரலும் ஒரு மின்கிட்டாரும்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த 'மெர்மெய்ட் அவென்யூ' ஆல்பத்தில் அவருக்குப் பின்னால் அமெரிக்காவின் வில்கோ குழு முழுவதும் நிற்கிறது. பியானோ, ஆர்கன், வயலின், ஸ்லைடு கிட்டார், டிரம்ஸ், பின்குரல்கள் எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. தனிக் குரலுக்காகவே பெயர் பெற்ற ஒருவர் இத்தனை பேரோடு பாடினால் சொல் அமுங்கிப் போகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அந்த ஆல்பத்தில் அப்படி நடக்கவில்லை. பிராகின் பணியில் ஆராயத் தகுந்த இடம் இதுவே.

பார்க்கிங் 1965 வரை எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்; அதன்பின் லண்டன் மாநகரத்துக்குள் வந்தது. ரோடிங் ஆற்றங்கரையில் ஏழாம் நூற்றாண்டில் எழுந்த மடாலயம், பின்னர் மீன்பிடிப் படகுகள், அதன்பின் தொழிற்சாலைகள் என்று அந்த ஊரின் பிழைப்பு மாறி மாறி வந்திருக்கிறது. பக்கத்து டேகன்ஹாமில் 1931-ல் ஃபோர்டு மோட்டார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது அந்த வட்டாரமே ஆலைத் தொழிலாளர்களின் குடியிருப்பானது. பிராகின் தந்தை ஒரு தொப்பி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர். தாய் இத்தாலிய வம்சாவளியினர். பதினொரு வயதில் எழுதும் தேர்வில் பிராக் தேறவில்லை. அந்நாளைய இங்கிலாந்தில் அது மேற்படிப்புக்கான வழியை ஏறக்குறைய அடைத்துவிடும் தோல்வி. 1976-ல் தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பைப் பாட அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1991-ல் வந்த 'டேங்க் பார்க் சல்யூட்' அந்தப் பாடல்.

இந்த ஊர்க்காரர் ஒருவர் அமெரிக்கக் கிராமிய இசைக்குப் போய்ச் சேர்ந்தது வியப்பாகத் தோன்றலாம். வரலாற்றைப் பார்த்தால் வியப்பு குறையும். கன்ட்ரி இசையின் வேர்களில் முக்கியமான ஒன்று அப்பலாச்சியன் மலைகளில் குடியேறிய ஆங்கிலேய, ஸ்காட்டிஷ், ஐரிஷ் மக்களின் கதைப்பாடல்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பான்ஜோவும் தாளமும் அவற்றோடு கலந்தன. லண்டனில் பிறந்த செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை அந்த மலைகளில் அலைந்து, இங்கிலாந்திலேயே மறைந்துகொண்டிருந்த பாடல்களை அங்கே மக்கள் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். 1927-ல் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்பவர் கார்ட்டர் குடும்ப இசைக்குழுவையும் பாடகர் ஜிம்மி ராஜர்ஸையும் ஒலிப்பதிவு செய்தபோது அந்த இசை வணிகச் சரக்காகவும் ஆனது. கடல் கடந்து போன பாட்டு, இசைத்தட்டில் ஏறிக் கடல் கடந்து திரும்பியது.

திரும்பி வந்த பாட்டை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் பார்க்கிங்குக்கு அடுத்த ஊரில் வளர்ந்தவர். இன்று தமிழ்க் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பெயர் போன ஈஸ்ட் ஹாம், டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதையில் பார்க்கிங்குக்கு முந்தைய நிலையம். கிளாஸ்கோவில் 1931-ல் பிறந்து ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த லானி டானகன், அமெரிக்கச் சிறைக்கைதிகளிடமிருந்து பாடகர் லெட்பெல்லி கற்றுப் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' என்ற ரயில் பாட்டை 1954 ஜூலையில் ஒலிப்பதிவு செய்தார். 1956 தொடக்கத்தில் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஏறியது. துணி துவைக்கும் பலகையைத் தாளமாகவும், தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டிய கருவியைப் பேஸாகவும் கொண்டு பள்ளிப் பிள்ளைகள் நாடெங்கும் குழுக்கள் தொடங்கினார்கள். ஸ்கிஃபிள் என்று பெயர் பெற்ற அந்த அலையில்தான் லிவர்பூலின் ஜான் லெனனும் தன் முதல் குழுவை அமைத்தார். பிராக் 2017-ல் இந்த அலையைப் பற்றியே ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார். காசும் பயிற்சியும் இல்லாத பிள்ளைகள் பிறரை எதிர்பார்க்காமல் தாமே இசைக்கத் தொடங்கிய தருணமாக அவர் ஸ்கிஃபிளைப் பார்க்கிறார். எழுபதுகளின் பங்க் இசை அவருக்கு அதன் மறுபிறப்பு.

பங்க் வழியாகத்தான் அவரும் மேடைக்கு வந்தார். 1977-ல் ரிஃப் ராஃப் என்ற குழு தொடங்கினார். 1978 ஏப்ரல் 30 அன்று ஹாக்னியின் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராக நடந்த பெரும் இசைத் திருவிழாவில் கூட்டத்தில் ஒருவராக நின்று த கிளாஷ் குழுவைக் கேட்டார். அவருடைய அரசியல் ஈடுபாடு அங்கே தொடங்கியது. ரிஃப் ராஃப் குழு கலைந்தது. 1981-ல் ராணுவத்தில் சேர்ந்து மூன்றே மாதங்களில் 175 பவுண்டு கட்டி விடுபட்டார். அதன்பின் கிட்டாரோடு தனியாகக் கிளம்பினார்.

தனியாகப் பாடியதற்குக் கலைக் காரணம் போலவே காசுக் காரணமும் உண்டு. ஐந்து பேர் குழுவுக்கு வேன் வேண்டும், தங்குமிடம் வேண்டும், ஒலிக்கருவிகள் வேண்டும். ஒற்றை ஆள் ரயிலில் ஏறிப் போய்விடலாம். ஒலிபெருக்கியை முதுகில் கட்டிக்கொண்டு தெருவிலேகூட அவர் பாடியிருக்கிறார். 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது நிதி திரட்டும் கூட்டங்களுக்கு ஊர் ஊராகப் போக முடிந்ததும் இந்த எளிமையால்தான். 'லைஃப்ஸ் எ ரயட் வித் ஸ்பை வெர்சஸ் ஸ்பை' என்ற முதல் தட்டில் ஏழே பாடல்கள். மொத்தம் பதினாறு நிமிடம்கூட இல்லை. பிபிசி வானொலியின் ஜான் பீல் பசிக்கிறது, காளான் பிரியாணி கிடைத்தால் தேவலை என்று ஒலிபரப்பில் சொன்னதைக் கேட்டதும், பிராக் பிரியாணியையும் இசைத்தட்டையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே போய்விட்டார். பீல் தட்டைப் போட்டார், ஆனால் தவறான வேகத்தில். நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு அது.

அந்நாளில் அவர் பாடிய 'ஏ13, ட்ரங்க் ரோடு டு த சீ' அவருடைய பிற்காலப் போக்குக்கு முன்னறிவிப்பு. அமெரிக்காவின் குறுக்கே ஓடிய நெடுஞ்சாலையைப் பற்றி பாபி ட்ரூப் 1946-ல் எழுதிய 'ரூட் 66' பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, சிகாகோவும் லாஸ் ஏஞ்சலஸும் இருந்த இடத்தில் வாப்பிங், பார்க்கிங், டேகன்ஹாம், சவுத்எண்டு என்று ஏ13 சாலையோரத்து ஊர்களை நிரப்பினார். இதைப் பகடி என்று ஒதுக்குவது சரியல்ல. நம் ஊர்ப் பெயர்களும் பாட்டில் ஏறத் தகுந்தவையே என்ற உரிமைக்குரல் அதில் இருக்கிறது. அமெரிக்க மெட்டை எடுத்தாலும் அமெரிக்க உச்சரிப்பை அவர் எடுக்கவில்லை. பார்க்கிங் பேச்சுவழக்கிலேயே பாடினார், இன்றும் அப்படித்தான் பாடுகிறார்.

குழு படிப்படியாகத்தான் சேர்ந்தது. 1986-ல் வந்த மூன்றாம் ஆல்பத்தில் ஜானி மார், கர்ஸ்டி மக்கால் போன்ற இசைக்கலைஞர்கள் சில பாடல்களில் துணை வந்தார்கள். 1988-ல் ஜோ பாய்ட் தயாரித்த 'வொர்க்கர்ஸ் பிளேடைம்' ஆல்பத்தில் காரா டைவியின் பியானோவும் டேனி தாம்சனின் இரட்டை பேஸும் குரலுக்குப் பக்கத்தில் அடக்கமாக வந்து உட்கார்ந்தன. 1991-ன் 'டோன்ட் ட்ரை திஸ் அட் ஹோம்' பெரும் செலவில், ஆர்.ஈ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப், பீட்டர் பக் ஆகியோரும் பங்கேற்க உருவான ஆல்பம். அதில் நல்ல பாடல்கள் உண்டு. 'டேங்க் பார்க் சல்யூட்' அதில்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் வாத்தியங்கள் பாட்டை அலங்கரிக்கின்றன, தாங்கவில்லை. குழுவைச் சேர்ப்பதற்கும் குழுவாகப் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த வேறுபாட்டைக் கடக்க அவருக்கு வேறொருவரின் சொற்கள் தேவைப்பட்டன. ஓக்லஹோமாவின் ஓக்கீமாவில் 1912-ல் பிறந்த வுடி கத்ரி, வறட்சியாலும் புழுதிப்புயலாலும் ஊரை விட்டு மேற்கே போன விவசாயிகளின் பாடகர். கன்ட்ரி இசையின் கார்ட்டர் குடும்ப மெட்டுகளைத் தயங்காமல் எடுத்துத் தன் வரிகளை ஏற்றியவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கின் கோனி ஐலண்டில், மெர்மெய்ட் அவென்யூ என்ற தெருவில், மனைவி மார்ஜரியோடும் குழந்தைகளோடும் வாழ்ந்தார். ஹன்டிங்டன் நோய் நரம்புகளைச் சிதைத்து, கடைசி ஆண்டுகளை மருத்துவமனையில் கழிக்க வைத்தது. 1967-ல் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல் வரிகளைத் தாள்களிலும் நோட்டுப் புத்தகங்களிலும் விட்டுச் சென்றார். மெட்டுகள் அவர் தலைக்குள்ளேயே இருந்தன. சுரம் குறித்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பெரும்பாலானவற்றின் மெட்டு அவரோடு போய்விட்டது.

சொல் நிலைத்து மெட்டு மறைவது தமிழிசைக்கும் பழகிய நிலைமைதான். அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகள் பலவற்றுக்கும் ஆண்டாளின் திருப்பாவைக்கும் இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகள்தான் இன்று கச்சேரிகளில் ஒலிக்கின்றன. பழைய மெட்டு இதுதான் என்று அவர் காட்ட வேண்டியிருக்கவில்லை. வரி எந்த ராகத்தைக் கேட்கிறது என்று தேடியதே வேலையாக இருந்தது.

வுடியின் மகள் நோரா கத்ரி தந்தையின் ஆவணக் காப்பகத்தைப் பொறுப்பேற்று நடத்திவந்தார். நியூயார்க்கில் 1992-ல் நடந்த வுடியின் எண்பதாவது பிறந்தநாள் நிகழ்ச்சியில் பிராக் பாடியதைக் கேட்டிருந்த அவர், சில ஆண்டுகள் கழித்து அந்த வரிகளுக்கு மெட்டமைக்குமாறு அழைத்தார். இந்தத் தேர்வு துணிச்சலானது. வுடியை வழிபட்டு அவர் பாணியிலேயே பாடும் அமெரிக்கர்களுக்குப் பஞ்சமில்லை. நோரா தேடியது தந்தையின் நகலை அல்ல. அவருடைய வரிகளை அச்சமின்றிப் புதிதாகப் பாடக்கூடிய ஒருவரை. பிராக் தனியாகச் செய்ய விரும்பவில்லை. சிகாகோவின் வில்கோவைக் கூட்டுச் சேர்த்தார்.

வில்கோ 1994-ல் தொடங்கிய குழு. அங்கிள் டுபெலோ என்ற முந்தைய குழு கலைந்ததில் பிறந்தது. பழைய கன்ட்ரியையும் பங்கையும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் ஆல்ட் கன்ட்ரி என்ற போக்கு அந்த அங்கிள் டுபெலோவைச் சுற்றித்தான் உருவானது. ஜெஃப் ட்வீடி பாடகர். ஜே பென்னட் எந்த வாத்தியத்தைக் கையில் கொடுத்தாலும் வாசித்தவர். ஜான் ஸ்டிராட் பேஸ், அப்போது கென் கூமர் டிரம்ஸ். இவர்களோடு ஸ்லைடு கிட்டார் வாசித்த பாப் ஈகன், புளூஸ் கலைஞர் கோரி ஹாரிஸ், இங்கிலாந்தின் வயலின் கலைஞர் இலைசா கார்த்தி, பாடகி நடாலி மெர்ச்சன்ட் ஆகியோரும் சேர்ந்தார்கள். சிகாகோவிலும் டப்ளினிலும் ஒலிப்பதிவு நடந்தது. ஆல்பம் 1998 ஜூனில் வந்தது. அதில் பதினைந்து பாடல்கள்.

இரண்டு பாடல்களை அருகருகே வைத்துக் கேட்டால் இந்த ஆல்பத்தின் வேலைப்பாடு புரியும். 'கலிஃபோர்னியா ஸ்டார்ஸ்' பாட்டுக்கு ட்வீடியும் பென்னட்டும் மெட்டமைத்தார்கள். களைத்த உழைப்பாளி ஒருவன் நட்சத்திரங்களின் கீழ் படுத்துறங்க ஏங்குவது அதன் பொருள். மூன்று கார்டுகள் மாறாமல் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாத்தியம் மெல்ல முன்னால் வந்து பின்வாங்குகிறது. எதுவும் ஓங்கி ஒலிப்பதில்லை, எவரும் அவசரப்படுவதில்லை. வரி கேட்பது தூக்கம். குழு அதற்குப் பாய் விரிக்கிறது. 'இங்கிரிட் பெர்க்மன்' பாட்டில் பிராக் குழுவை முற்றிலும் நிறுத்திவிடுகிறார். சுவீடன் நடிகை இங்கிரிட் பெர்க்மன் இயக்குநர் ரொஸ்ஸெல்லினியின் 'ஸ்ட்ராம்போலி' படத்துக்காக எரிமலைத் தீவுக்குப் போனதை வைத்து வுடி எழுதிய, காமம் கொஞ்சும் குறும்புப் பாட்டு அது. கிட்டாரும் குரலும் மட்டும் கேட்கின்றன. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவர் காதோரம் பாடுவதுபோல இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பத்துப் பேர் அறையில் இருக்கும்போது ஒன்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் இடம் எது என்று தெரிந்திருப்பதில்தான் பெரிய குழுவின் தேர்ச்சி இருக்கிறது.

தொழிற்சங்கப் பாடகராகவே பெரிதும் அறியப்பட்டிருந்த வுடியின் காதல், காமம், பிள்ளைகளுக்கான உளறல், கடவுளோடு வழக்காடல் எல்லாம் இந்த ஆல்பத்தால் புதிய கேட்போரின் காதுக்கும் எட்டின. 'ஹூடூ வூடூ' பொருளற்ற ஒலிகளால் ஆன குழந்தைப் பாட்டு. அதைப் பேச்சுபோலப் பாடினால் எடுபடாது, முழுக் குழுவும் கூத்தடிக்க வேண்டும், வில்கோ கூத்தடிக்கிறது. 'எய்ஸ்லர் ஆன் த கோ' அமெரிக்காவிலிருந்து 1948-ல் வெளியேற்றப்பட்ட ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹான்ஸ் எய்ஸ்லரைப் பற்றியது. அங்கே பிராகின் குரல் தயக்கத்தோடு ஒடுங்குகிறது. ஒரே எழுத்தாளரின் வரிகள் இத்தனை மனநிலைகளில் கிடக்கும்போது ஒற்றைக் கிட்டார் போதாது. பெரிய குழுவுக்கு இங்கே நியாயம் இருக்கிறது.

கூட்டணியில் உரசலும் இருந்தது. எந்தப் பாட்டின் ஒலியை யார் இறுதி செய்வது என்பதில் பிராகும் பென்னட்டும் முரண்பட்டார்கள். பிராக் பாடியவற்றைப் பென்னட் மறுகலவை செய்ய முன்வந்தபோது பிராக் ஒப்பவில்லை. கடைசியில் அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். பிராகும் வில்கோவும் சேர்ந்து சுற்றுப்பயணம் போகும் திட்டமும் கைகூடவில்லை. கேட்பவருக்கு இந்தப் பிணக்கால் இழப்பில்லை; அரசியல் கூர்மை ஒருபக்கமும் இசை மயக்கம் மறுபக்கமும் இழுக்க, ஆல்பம் எங்கும் சோர்ந்து விழாமல் நிற்கிறது. கிராமி விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. 2000-ல் இரண்டாம் தொகுதி வந்தது. 2012-ல், வுடியின் நூற்றாண்டில், மிச்சமிருந்த பதிவுகளையும் சேர்த்து முழுத் தொகுப்பு வெளியானது.

வில்கோ இல்லாமல் அந்தப் பாடல்களை மேடையேற்ற பிராக் தன் சொந்தக் குழுவைத் திரட்டினார். த பிளோக்ஸ் என்ற அந்தக் குழுவில் ஃபேசஸ் குழுவின் பழைய கீபோர்டுக் கலைஞர் இயன் மக்லகன் இருந்தார். பல நாட்டு நரம்பு வாத்தியங்களில் கைதேர்ந்த லூ எட்மண்ட்ஸும் பென் மாண்டல்சனும் இருந்தார்கள். 2002-ல் இவர்களோடு வந்த 'இங்கிலாந்து, ஹாஃப் இங்கிலிஷ்' ஆல்பத்தின் தலைப்பு காலின் மக்கின்னஸ் எழுதிய கட்டுரைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. ஆங்கிலேயத்தன்மை என்று சொல்லப்படுவதே பல நாட்டுச் சரக்குகளின் கலவை என்ற வாதத்தை அந்த வாத்தியங்களே எடுத்துரைக்கின்றன. இந்த வாதம் ஏட்டோடு நிற்கவில்லை. 2006 உள்ளாட்சித் தேர்தலில் தீவிர வலதுசாரி பிரிட்டிஷ் தேசியக் கட்சி அவருடைய சொந்த ஊரின் மன்றத்திலேயே பல இடங்களைப் பிடித்தது. அதே ஆண்டு 'த புரோகிரசிவ் பேட்ரியட்' என்ற நூலை எழுதி, ஊர்ப்பற்றும் நாட்டுப்பற்றும் இனவெறியர்களின் உடைமையல்ல என்று பிராக் வாதிட்டார். ஊருக்கே திரும்பி வந்து பிரசாரமும் செய்தார். 2010-ல் அந்தக் கட்சி அங்கு வைத்திருந்த 12 இடங்களையும் இழந்தது. அதன் தலைவர் நிக் கிரிஃபின் பார்க்கிங் நாடாளுமன்றத் தொகுதியில் மார்கரெட் ஹாட்ஜிடம் தோற்றார்.

கன்ட்ரி இசைக்கு அவர் முழுமையாகத் திரும்பியது 2013-ன் 'டூத் அண்ட் நெயில்' ஆல்பத்தில். கலிஃபோர்னியாவின் சவுத் பாசடீனாவில், தயாரிப்பாளர் ஜோ ஹென்றியின் வீட்டு நிலவறைக் கூடத்தில் ஐந்தே நாட்களில் அது பதிவானது. குழு சிறியது. ஆனால் அதில் பெடல் ஸ்டீல் வாசித்தவர் கிரெக் லைஸ். கன்ட்ரி இசையை முதல் நொடியிலேயே அடையாளம் காட்டும் வாத்தியம் அது. மேசைபோல நிற்கும் சட்டத்தில் வழக்கமாகப் பத்துத் தந்திகள் கட்டப்பட்டிருக்கும். வலக்கை விரல்களில் மாட்டிய உறைகள் மீட்ட, இடக்கை எஃகு உருளையைத் தந்திமேல் வழுக்கி நகர்த்தும். கால்கள் மிதிகளை அழுத்த, முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ள, சில தந்திகளின் சுருதி மட்டும் ஏறி இறங்கும். மற்றவை அசையாமல் நிற்கும். கார்டின் ஒரு பாதி நின்று மறு பாதி வளைவதால் பிறப்பதே அந்த விம்மல். கோட்டுவாத்தியத்தின் வழுக்கும் கமகத்தைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்காது. பிராகின் குரல் நேரானது, வளைவுகள் குறைந்தது. அவர் தொண்டையில் வராத குழைவை லைஸின் தந்திகள் பக்கத்தில் நின்று தருகின்றன. வுடியின் வீடற்றவன் பாட்டொன்றை அந்த ஆல்பத்தில் அவர் பாடுவதில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். பாட்டு 1930-களின் புழுதிப்புயல் காலத்தது. வங்கிகள் சரிந்து வீடுகள் பறிபோன 2008-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்ததால் ஒரு சொல்லும் மாற்றத் தேவைப்படவில்லை.

2016 மார்ச்சில் பிராகும் ஹென்றியும் குழு எதுவுமின்றி, இரு கிட்டார்களோடு சிகாகோவில் ரயிலேறி லாஸ் ஏஞ்சலஸ் வரை போனார்கள். வண்டி நின்ற இடங்களில் இறங்கி, காத்திருப்போர் கூடங்களிலும் தண்டவாள ஓரங்களிலும் பழைய ரயில் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார்கள். சான் அன்டோனியோவில் புளூஸ் மேதை ராபர்ட் ஜான்சன் 1936-ல் ஒலிப்பதிவு செய்த விடுதி அறையிலும் பாடினார்கள். அதே ஆண்டு 'ஷைன் எ லைட்' என்ற பெயரில் வந்த ஆல்பத்தின் பதின்மூன்று பாடல்களில் ஜிம்மி ராஜர்ஸ் பாடியதும் ஹாங்க் வில்லியம்ஸ் பாடியதும் உண்டு. ஈஸ்ட் ஹாமின் டானகன் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த 'ராக் ஐலண்ட் லைன்' பாட்டும் உண்டு. அறிவிப்புகளும் வண்டிச் சத்தமும் பாட்டுக்கிடையே கேட்கின்றன. அவற்றை அவர்கள் துடைத்தெடுக்கவில்லை. 2021-ல் வந்த 'த மில்லியன் திங்ஸ் தட் நெவர் ஹேப்பன்ட்' ஆல்பத்தில் மீண்டும் குழு சேர்ந்தது. ஈஸ்ட்போர்ன் நகரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரோமியோ ஸ்டோடார்ட், டேவ் இசுமி இருவரும் தயாரித்தார்கள். அதன் கடைசிப் பாட்டைப் பிராக் தன் மகன் ஜாக் வலேரோவோடு சேர்ந்து எழுதினார்.